வெளிய வந்துட்டு உள்ள போங்க

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால், பின்னால் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். சந்தேகப்படட்டும். எங்களுக்குள் துணி மடிப்பதிலிருந்து சாவியை எந்த ஆணியில் மாட்டுவது என்பதுவரை எல்லாவற்றுக்கும் தகராறு உண்டு. இருவருக்கும் ஒரே வயது என்பதால் வீட்டில் 'நீ, வா, போ'தான். ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பதால் அங்கே மட்டும் 'வாங்க அண்ணி, போங்க அண்ணி' என்று மரியாதை வழியும்.

எங்கள் கம்பெனி ஜன்னலும் கதவும் செய்கிறது. நான் பணியாளர் பிரிவு. யாருக்கு லீவு, யாருக்கு இடமாற்றம், யாரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் என் கையால் தட்டச்சாகித்தான் வெளியே போகும். அண்ணி கம்ப்யூட்டர் உதவிப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு போன், செத்துப்போன கீபோர்டுகளை அடுக்கிய அலமாரி. மிச்சமிருக்கும் இடத்தில் அண்ணி.

அந்தப் போனின் எண்ணுக்கும் வாடிக்கையாளர்கள் புகார் சொல்லும் எண்ணுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு, அதில் பேசுவது பக்கத்து அறைவரை கேட்கும். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"ஜன்னல் மூடவே மாட்டேங்குதும்மா. காலையிலேர்ந்து போராடறேன்."

"பதட்டப்படாதீங்க சார். மேல வலது பக்க மூலையில ஒரு பெருக்கல் குறி தெரியுதா?" என்றாள் அண்ணி.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு வாங்கும் சத்தம்.

"ஏறிப் பாத்துட்டேன்மா. ஒரு கீறல் இருக்கு. ஆனா பெருக்கல் மாதிரி இல்ல, கழித்தல் மாதிரிதான் இருக்கு."

நான் மேசைமேல் கவிழ்ந்துவிட்டேன். அண்ணியின் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. "ரொம்ப நல்லாப் பாத்துச் சொன்னீங்க சார். முதல்ல பத்திரமா கீழ இறங்குங்க. உங்க வீட்டு ஜன்னலுக்கு ஆள் அனுப்பச் சொல்றேன்" என்று விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் இறங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் போனை வைத்தாள்.

இவள் எப்படிச் சிரிக்காமல் இருக்கிறாள் என்பது எனக்கு நெடுநாள் புரியாத விஷயம். சிரிப்புக்குப் பஞ்சமே இல்லாத வேலை அது. விற்பனைப் பிரிவு அக்கா தன் வீட்டுக்காரருக்கு வைத்த செல்லப்பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டிருந்தார். ஒருநாள் காலை கூப்பிட்டு, "அந்தப் பேரை இன்னைக்கு என் கை அடிக்காது. வேற ஏதாவது மாத்திக் குடு" என்றார். அண்ணி ஏன் என்று கேட்கவில்லை, மாற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து அக்காவே குழைந்த குரலில் கூப்பிட்டு, "பழசே இருக்கட்டும்மா" என்றார். அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. நானாக இருந்தால் சண்டை எதில் ஆரம்பித்தது என்பதுவரை கறந்திருப்பேன்.

இன்னொன்று சொல்கிறேன். 'கம்ப்யூட்டருக்கு உயிரே வரலை' என்று கூப்பிடுகிறவர்களிடம் மற்றவர்கள் கேட்பது போல, "பிளக் மாட்டியிருக்கீங்களா?" என்று அவள் கேட்கவே மாட்டாள். "ஒயர் எங்கயாவது சூடா இருக்கான்னு, முழு நீளத்துக்கும் தொட்டுப் பாருங்களேன்" என்பாள். அவரும் தொட்டுக்கொண்டே போவார். பாதி வழியில், "சூடு இல்லம்மா... இரு... ஆங், தானா சரியாயிடுச்சு போல!" என்பார். "அப்படியா சார், நல்லதாப் போச்சு" என்பாள் அண்ணி. கழன்று கிடந்த பிளக்கைப் பற்றி இரண்டு பேருமே பேச்செடுக்க மாட்டார்கள்.

"ஏன்டி, உனக்குச் சிரிப்பே வராதா? மரக்கட்டையா நீ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவள் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் ஒரு வருஷமாகச் சாப்பிட்ட பிஸ்கட் தூள் மேசையில் கொட்டியது. தட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள். "எங்கம்மாவுக்குக் காது மந்தம், தெரியுமில்ல? 'மணி என்ன'ன்னு கேட்டா 'தண்ணி இன்னும் வரலை'ம்பாங்க. தெருவே சிரிக்கும். எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாம அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாங்க. எனக்கு அதை மட்டும் பாக்க முடியாது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது, அடிக்கடி வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஒரே விஷயத்தைக் குரலை உயர்த்தாமல் நாலு விதமாகச் சொல்லும் பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பொறுமையை வீட்டில் என் அண்ணன் முழுசாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பல்பு மாட்டத் தெரியாத மகானுபாவன். டிவி ரிமோட்டைத் தொலைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிச்சவதானே, கண்டுபிடி" என்பான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குப் புது மேலாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த ஒரு கதவின்மேல் அவருக்குப் பைத்தியம். அந்தக் கதவைச் சாத்தினால் அடியிலிருந்து ஒரு ரப்பர் பட்டை இறங்கித் தரையை இறுக்கமாக அழுத்தும். "காத்துக்கூட நுழையாது!" என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, அவருக்கே 'காத்துக்கூட சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கட்டும் என்று அலுவலகத்தின் பழைய கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டு அதையே மாட்டினார். கண்ணாடிக் கிடங்கின் அறைக்கும் ஒன்று வந்தது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி மாமா. கம்பெனி ஆரம்பித்த காலத்து ஆள். ஜன்னல்களுக்கான கண்ணாடி அளவுகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து 'சரி' என்ற பட்டனை அழுத்துவது அவர் வேலை. அழுத்தினால் வெளியே வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சீட்டு அச்சாகும், வெட்டுகிறவர் அதைப் பார்த்து வெட்டுவார். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் ரகம் என்றாலும், வேலையில் சுத்தமானவர். முறையாக ஓய்வு பெற அவருக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது.

புதுக் கதவு வந்த கொஞ்ச நாளில் சங்கடம் ஆரம்பித்தது. ஒரே ஜன்னலுக்கான சீட்டு இரண்டு தடவை, மூன்று தடவை வந்தது. அத்தனைக்கும் கண்ணாடி வெட்டப்பட்டது. அளவுக்கு வெட்டிய கண்ணாடி வேறு எதற்கும் ஆகாது. முதலில் பேசிப் பார்த்தார்கள், அப்புறம் எச்சரித்தார்கள். கடைசியில் காத்துக்கூட சார் என்னைக் கூப்பிட்டு, மாமாவுக்கு உடனடி ஓய்வு ஆணை தயார் செய்யச் சொன்னார். காரணம் என்ற இடத்தில், 'தொடர்ந்து பிழை செய்வதால்' என்று போடச் சொன்னார்.

தட்டச்சு செய்தேன். சம்பளம் வாங்குகிறேனே, என்ன செய்வது? ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் வாயை மூட முடியாமல் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வாய் ஓட்டை வாய் என்பது ஊரறிந்த விஷயம். ரகசியம் என்று சொல்லி என்னிடம் கொடுப்பவர்களைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அண்ணி கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டாள். "மாமா இப்பல்லாம் எனக்கு போனே பண்றதில்லையே. முன்னாடி ஒரு தடவை 'நின்னு போச்சு'ன்னு கூப்பிட்டார். ஒண்ணு சொன்னேன், சரியாயிடுச்சுன்னார். அதோட சரி" என்றாள். டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். "வா, போய்ப் பாக்கலாம்."

கிடங்கு அறையில் மாமா திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மறுபடி வாடியது.

"எனக்கு மறதி வந்துடுச்சு போலம்மா" என்றார். "போட்டதையே திரும்பத் திரும்பப் போடறேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. வீட்ல சொல்லல. எங்கப்பாவும் கடைசிக் காலத்துல இப்படித்தான், எங்க பேரே அவருக்குத் தெரியாமப் போச்சு."  வேலை போவதைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த மனிதரைத் தின்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

"நீங்க வழக்கம்போல வேலை செய்யுங்க மாமா. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றாள் அண்ணி.

மாமா கதவைச் சாத்தினார். வெளியே இயந்திரச் சத்தம் காதைப் பிளப்பதால் எப்போதும் சாத்தித்தான் வைப்பார். ஒரு ஜன்னலின் அளவைப் பதிந்து 'சரி'யை அழுத்தினார். திரை அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். அதுவும் கல் மாதிரி நின்றது.

"பாத்தியா, நின்னு போச்சு. பரவால்ல, உன் வைத்தியம் இருக்கே" என்றார் மாமா. எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். கதவைத் திறந்து வெளியே போய் மறுபடி சாத்தினார். கதவில் பதித்த கண்ணாடி வழியே அவர் வெளியில் கைகட்டி நிற்பது தெரிந்தது. ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். திரை உயிர் பெற்று ஓடியது.

"நீ சொன்னதுதான்மா" என்றார் பெருமையாக. "'வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போங்க'ன்னு சொன்னியே. ஒரு தடவைகூட பொய்க்கல."

திரையில் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு நுழைந்திருப்பதிலிருந்து வெளியே வரச் சொல்லியிருக்கிறாள் அண்ணி. மனிதர் அறையைவிட்டே வெளியே போய் வந்திருக்கிறார்! இத்தனை நாளாக! எனக்கு வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பை வாயைப் பொத்தி, இருமலாக மாற்றியதில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணி என் காலை ஓங்கி மிதித்தாள். அவள் சிரிக்கவில்லை. திரையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, இன்னொரு தடவை வெளிய போயிட்டு வாங்களேன்."

மாமா சந்தோஷமாகப் போனார். அண்ணி தரையில் உட்கார்ந்து கதவின் அடியைப் பார்த்தாள். அதற்கப்புறம் டார்ச்சை அடித்துப் படுத்தே பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கம்ப்யூட்டரின் இணைப்பு ஒயர் கதவுக்கு அடியில்தான் வெளியே போகிறது. பழைய கதவுக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்ததால் ஒயர் பாட்டுக்குக் கிடந்தது. இந்தக் காற்றுகூட நுழையாத கதவு அதை நசுக்கிப் பாதி வெட்டியிருந்தது. சாத்தினால் கொஞ்ச நேரத்தில் இணைப்பு போய்விடும். மாமா அழுத்தும் 'சரி' எல்லாம் உள்ளேயே வரிசையில் நிற்கும். கதவைத் திறந்ததும் ஒயருக்கு மூச்சு வரும், நின்ற அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் விழும்.

"மறதியுமில்ல, ஒண்ணுமில்ல மாமா" என்றாள் அண்ணி, திரும்பி உள்ளே வந்தவரிடம். "ஒயர்தான். நீங்க எழுந்து போனதாலதான் என்னால கண்டுபிடிக்க முடிஞ்சது."

மாமா நெற்றியில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும், "ஒயரை மாத்திடு, சோலி முடிஞ்சது" என்றேன்.

"மாத்திட்டா இனிமே தப்பு வராது. இதுவரைக்கும் வந்த தப்பு அவர் தலையிலயேதான் இருக்கும். காலையில சார் வரட்டும், அவரே பாக்கட்டும்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னொண்ணு. அவர் வெளிய போயிட்டு வந்தது உன் வாயிலேர்ந்து வெளிய போச்சுன்னா, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சே இல்ல. ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்."

மறுநாள் காலை ஆணையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வர, காத்துக்கூட சார் கிடங்கு அறைக்குப் போனார். அதை நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்பது அவர் எண்ணம். அண்ணி முன்னாலேயே வந்து மாமாவின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சார், அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஜன்னலுக்கு நீங்களே பதிஞ்சு பாக்கறீங்களா?"

சாருக்கு எரிச்சல்தான். ஆனாலும் உட்கார்ந்தார். சத்தம் தாங்காமல் கதவைச் சாத்தச் சொன்னார். அது வழுக்கிக்கொண்டு போய் மூடிக்கொண்டதை அந்த நேரத்திலும் ரசித்தார். அளவைப் பதிந்து 'சரி'யை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் விரலால் குத்தினார். குத்து குத்தென்று குத்தினார்.

"என்ன கண்றாவி இது?" என்று எழுந்து, கதவைத் திறந்து வெளியே போய், "யாருய்யா அங்க? இது வேலையே செய்யல!" என்று கத்தினார்.

வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சீட்டு சரசரவென்று வர ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, மறுபடி அதே. வெட்டுகிறவர் சீட்டு மாலையைத் தூக்கிக் காட்டி, "சார், ஒரு ஜன்னலுக்கு இத்தனை கண்ணாடியா?" என்றார்.

சார் வாசலிலேயே நின்றார். சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அண்ணி குனிந்து கதவின் அடியைக் காட்டினாள். அவரும் முழங்காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார்.

"கதவுல தப்பில்லையே?" என்றார் பாவமாக.

"ரொம்ப நல்ல கதவு சார். காத்தே நுழையாதப்ப ஒயர் எப்படி நுழையும்?" என்றாள் அண்ணி. "முதல் தடவை மாமா கூப்பிட்டப்பவே நான் நேர்ல வந்து பாத்திருக்கணும். போன்லயே சொல்லி முடிச்சிட்டேன். காரணம்னு ஒண்ணு எழுதணும்னா என் பேரை எழுதுங்க சார்."

நான் கையிலிருந்த ஆணையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். சார் அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு மாமாவிடம் போனார். "மன்னிச்சுக்கோங்க. நானும் அதையேதான் செஞ்சேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "அதைக் கிழிச்சிடுங்க. கம்ப்யூட்டர்லயும் இருக்க வேண்டாம்" என்றார். என் இடத்துக்கு ஓடினேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பட்டனையும் அழுத்தியதில்லை.

அந்த ரகசியத்தை நான் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். என் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் எழுதுகிறேன் என்றால், மாமாவே அவிழ்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அவருடைய வழியனுப்பு விழாவில், எல்லோரும் பேசி முடித்த பிறகு அவர் எழுந்தார். வேலையின் கடைசி வருஷத்தில் தனக்கு மறதி வந்துவிட்டதாகப் பயந்ததைச் சொன்னார். 'வெளிய வந்துட்டு உள்ள போங்க' கதையை, தான் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்க் கைகட்டி நின்றதுவரை, நடித்தே காட்டினார். அறை அதிர்ந்தது. அண்ணி மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்ச நாள் கழிச்சு, விற்பனைப் பிரிவுக்குப் போயிருந்தப்ப அங்க ஒரு பையன்கிட்ட இந்தப் பொண்ணு போன்ல அதையே சொல்றதைக் கேட்டேன்" என்றார் மாமா. "அவன் எழுந்திரிக்கவே இல்ல. உக்காந்த இடத்துலயே ரெண்டு பட்டன் அழுத்தினான். அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, நான் என்ன கூத்து அடிச்சிருக்கேன்னு. அவ எனக்கும் சொல்லல, வேற யாருக்கும் சொல்லல. இன்னைக்கு நானே சொல்லி நானே சிரிக்கறேன், எதுக்குச் சிரிக்கறேன்னு தெரிஞ்சே சிரிக்கறேன். அந்த உரிமையை எனக்கு விட்டு வெச்சது அவதான்."

கைதட்டலுக்கு நடுவே எல்லோரையும் கும்பிட்டுவிட்டு மாமா வாசலுக்குப் போனார். அந்தக் கதவு வழுக்கிக்கொண்டு மூடியது. கண்ணாடி வழியே பார்த்தோம். வெளியே கைகட்டி நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. கதவு திறந்தது. மாமா உள்ளே வந்து, நேராக அண்ணியைப் பார்த்து, "இப்ப சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி சிரித்தாள். உதவி கேட்டு வந்த ஒருவரைப் பார்த்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாக மாறியது. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.